‘பெருங்காயம் எங்கே?’ என்று யாரும் கேட்காத சமையலறை

எங்கள் வீட்டுச் சமையலறையில் புழங்குகிறவர்கள் நான்கு பேர். காலையில் நான், வார இறுதியில் பெரும்பாலும் என் கணவர், பகலெல்லாம் அம்மா, அப்புறம் பாத்திரம் தேய்த்துக் கவிழ்த்துவிட்டுப் போகும் அக்கா. மகள் நூடுல்ஸ் கிளற மட்டும் உள்ளே வருவாள். அவளைக் கணக்கில் சேர்க்கவில்லை.

சென்னைப் புறநகரில் வாடகை வீடு. எட்டுக்கு ஏழு அடி அறை. ‘எல்’ வடிவத்தில் கிரானைட் மேடை, மேடைக்குக் கீழே கடப்பாக் கல் தட்டுகள், தலைக்கு மேல் பரண். மாடுலர் கிச்சன் கிடையாது. சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்பது ஓனரின் நிபந்தனை. அம்மாவுக்கு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை முடிந்து எங்களோடு தங்க வந்தபோதுதான் இந்த அறையை அடியிலிருந்து மாற்றி அடுக்க வேண்டி வந்தது. அம்மாவால் குனிய முடியாது. ஸ்டூலில் ஏறக் கூடாது. தரையில் சம்மணம் போட்டு உட்காரவும் கூடாது. ‘சமைக்காம சும்மா இரும்மா’ என்றால் கேட்கிற ஆளும் இல்லை.

எதையும் நகர்த்துவதற்கு முன் ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாளை ஒட்டி, பேனாவைக் கட்டித் தொங்கவிட்டேன். யார் எதைத் தேடினாலும், எதற்காகக் குனிந்தாலும், எதற்காக ஸ்டூலை இழுத்தாலும் அந்தப் பொருளின் பெயரை எழுத வேண்டும். பத்து நாள் போல ஓடியது. தாளில் வந்த பெயர்களைப் பார்த்தால் சிரிப்பாக இருக்கும்: இடுக்கி, குக்கர் வெயிட், டீ வடிகட்டி, கத்தரிக்கோல், தட்டு மூடி, பெருங்காயம், இடுக்கி, இடுக்கி. அரிதாக எடுக்கிற பணியாரக் கல்லோ முறுக்கு அச்சோ ஒருமுறைகூட வரவில்லை. அவை எங்கே இருக்கின்றன என்று எல்லாருக்கும் தெரியும், ஏனென்றால் யாரும் அவற்றை நகர்த்துவதில்லை. தினமும் பத்துக் கை மாறுகிற சின்னச் சாமான்கள்தான் காணாமல் போகின்றன. புது டப்பா வாங்குவதற்கு முன் இந்தத் தாளை ஒட்டிப் பாருங்கள். பாதிச் செலவு மிச்சம்.

நம் வீடுகளில் பொருள்களை இனம் பார்த்து அடுக்குவது பழக்கம். கரண்டி எல்லாம் ஓரிடம், டம்ளர் எல்லாம் ஓரிடம், தூள் எல்லாம் ஓரிடம். பார்க்க ஒழுங்காகத்தான் இருக்கும். காலையில் ஒரு காபி போடும்போதுதான் அதன் குறை தெரியும். பால் பாக்கெட்டை வெட்டக் கத்தரிக்கோல் ஹாலில். பில்டர் பாத்திரக் கூடையில். காபிப் பொடி தூள் வரிசையில். சர்க்கரை மளிகைத் தட்டில். டவரா டம்ளர் எதிர்ச் சுவர் அலமாரியில். கண் விழித்தும் விழிக்காத நேரத்தில் எட்டடி அறையைக் குறுக்கும் நெடுக்குமாக நடந்தாக வேண்டும்.

இப்போது காபிக்கென்று ஒரு ட்ரே. பில்டர், பொடி டப்பா, சர்க்கரை, பாலுக்கான பாத்திரம், நான்கு டவரா டம்ளர், ஒரு கத்தரிக்கோல், ஒரு இடுக்கி. ட்ரே இருக்கும் இடம் ஃபிரிட்ஜுக்கும் அடுப்புக்கும் நடுவில். பாலை எடுத்துத் திரும்பினால் ட்ரே, ட்ரேயிலிருந்து திரும்பினால் அடுப்பு. ராத்திரியே பில்டரில் பொடியைப் போட்டு அழுத்தி வைத்துவிட்டால், காலையில் வெந்நீர் ஊற்றுவது மட்டும்தான் வேலை. அம்மா எங்களுக்கு முன்னாலேயே எழுந்து ஒரு அடிகூட அதிகம் வைக்காமல் காபி கலந்து குடித்துவிடுகிறார்.

இதே முறையில் மற்ற வேலைகளுக்கும் இடம் பிரித்தோம். தாளிப்புக்கு அடுப்பின் வலப்பக்கம்: அஞ்சறைப்பெட்டி, எண்ணெய்த் தூக்கு, பெருங்காயம், தாளிப்புக் கரண்டி. டிபன் பாக்ஸ் கட்ட வாசல் பக்கத்து மேடை முனை: டப்பாக்கள், ஸ்பூன், துணிப் பை, தண்ணீர் பாட்டில். நறுக்குவதற்குச் சிங்க் பக்கம். ஒரு பொருள் இரண்டு இடத்தில் தேவைப்பட்டால் இரண்டாக வாங்கிவிட்டோம். இடுக்கி இரண்டு, கத்தரிக்கோல் இரண்டு, உப்பு இரண்டு: சமையலுக்குக் கல் உப்பு அடுப்பருகில், சாப்பாட்டு மேசைக்குத் தூள் உப்பு. ‘ஒண்ணு போதாதா’ என்று அம்மா முணுமுணுத்தார். ஆனால் இரண்டாவது இடுக்கியின் விலையில் ஒரு நல்ல டப்பாகூட வராது. என்னைக் கேட்டால் ஆயிரக்கணக்கில் ஆர்கனைசர் வாங்குவதைவிட இரண்டாவது இடுக்கி மேல்.

அஞ்சறைப்பெட்டி விஷயத்தில் எங்களுக்குள் கொஞ்சம் சண்டை நடந்தது. அதில் மஞ்சள் தூளும் மிளகாய்த் தூளும் இருந்தே ஆக வேண்டும் என்பது அம்மாவின் கட்சி. அவசரத்தில் ஒரே ஸ்பூன் எல்லாக் கிண்ணத்துக்கும் போகும். கடுகில் மஞ்சள் படியும். கொதிக்கிற குழம்பின் மேல் பெட்டியை நீட்டினால் ஆவி இறங்கித் தூள் கட்டி தட்டும். கடைசியில் பெட்டிக்குள் கடுகு, உளுத்தம் பருப்பு, கடலைப் பருப்பு, சீரகம், வெந்தயம், மிளகு, கிள்ளிய வற்றல் மிளகாய் மட்டும் என்று முடிவானது. தூள்கள் தனித்தனிக் குப்பியில், ஒவ்வொன்றிலும் அதற்கென்று ஒரு குட்டி ஸ்பூன். பெட்டியும் எண்ணெயும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன, ஆனால் அடுப்பை ஒட்டி இல்லை. சூடு பட்டுக்கொண்டே இருந்தால் எண்ணெய் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும். எண்ணெய் மொத்தத்தையும் வெளியே வைக்காமல், ஒரு வாரத்துக்கு ஆகிற அளவை மட்டும் தூக்கில் ஊற்றிக்கொள்கிறோம்.

உயரம்தான் பெரிய தலைவலி. நின்றபடி முழங்கையை மடக்கினால் முழங்கை எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ, அதற்குச் சுமார் 10 செ.மீ. கீழே மேடை இருந்தால் நறுக்கவும் பிசையவும் சுகம் என்பார்கள். எங்கள் மேடை 34 அங்குலம். அம்மா ஐந்தடிக்கும் கீழே; என் கணவர் கிட்டத்தட்ட ஆறடி. அம்மாவுக்கு அது உயரம், அவருக்கு அது பள்ளம். அடுப்பின் உயரத்தையும் அதன்மேல் வைக்கும் குக்கரின் உயரத்தையும் சேர்த்துப் பாருங்கள்: உள்ளே என்ன வேகிறது என்று பார்க்கவே அம்மா எக்க வேண்டும். மேடையை இடித்துக் கட்ட முடியாது. பலகை போட்டு ஏறி நிற்பது அம்மாவின் காலுக்கு ஆபத்து.

அதனால் அம்மாவின் வேலைகளை நிற்கிற வேலை, உட்காருகிற வேலை என்று பிரித்தோம். சமையலறை மூலையில் சுருக்கி வைக்கக்கூடிய ஒரு சின்ன மேசை, கைப்பிடி வைத்த ஒரு நாற்காலி. காய் நறுக்குவது, கீரை ஆய்வது, பூண்டு உரிப்பது, மாவு பிசைவது எல்லாம் அங்கே. மேசை விளிம்பில் திருகி மாட்டுகிற தேங்காய்த் துருவி ஒன்று வாங்கினோம், உட்கார்ந்தபடியே துருவலாம். அரிவாள்மனைக்குத்தான் வழியில்லை. அறுபது வருஷமாகத் தரையில் உட்கார்ந்து அரிவாள்மனையில் நறுக்கிய கை. ‘கத்தியில நறுக்குனா வெங்காயம் வெங்காயமாவே இருக்கறதில்லடி’ என்று இன்றைக்கும் சொல்கிறார். நின்று கிளறுகிற வேலைக்கு ஆழமான பாத்திரத்தை விட்டுவிட்டு அகலமான, தட்டையான வாணலி. அதுவும் முன்பக்க அடுப்பில். என் கணவருக்குக் கனமான மரப்பலகை ஒன்றைக் கால் வைத்து உயர்த்திக் கொடுத்தோம், அவர் முதுகு பிழைத்தது.

சாமான்களுக்கும் இதே கணக்குதான். இடுப்புக்கும் கண்ணுக்கும் நடுவில் இருக்கிற இடம்தான் ஒரு சமையலறையின் விலை மதிப்புள்ள இடம். அங்கே தினமும் எடுப்பது மட்டும் இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் அந்த இடத்தைப் பளபளப்பான கண்ணாடிக் கிளாஸ்கள் வருஷக்கணக்கில் பிடித்துவைத்திருந்தன. விருந்தாளிக்குக்கூட எடுக்காதவை. அவை பரணுக்குப் போயின. மூன்று லிட்டர் குக்கர் அங்கே இறங்கியது. கனமானது எதுவும் தோளுக்கு மேல் போகக் கூடாது. கிரைண்டரைத் தூக்கி இறக்கும் பேச்சே வேண்டாம் என்று மேடையின் ஒரு முனையை அதற்கே எழுதிக் கொடுத்தாயிற்று. இடத்தை அடைக்கிறதே என்று தோன்றும். ஆனால் தூக்க வேண்டிய கிரைண்டரைக் கொஞ்ச நாளில் யாரும் எடுக்க மாட்டார்கள், கடை மாவு வீட்டுக்குள் வந்துவிடும்.

சென்னைக்கே உரிய இன்னொரு பாரம் 20 லிட்டர் தண்ணீர் கேன். அதைத் தூக்கிக் கவிழ்க்கிற பழைய டிஸ்பென்சரை எடுத்துவிட்டு, கேனின் வாயில் செருகுகிற சார்ஜ் பம்பு போட்டோம். கேன் கொண்டுவரும் தம்பியிடம் சொல்லிவைத்திருப்பதால் அவரே உள்ளே வந்து தாழ்வான ஸ்டாண்டில் வைத்துவிட்டுப் போகிறார்.

மளிகைக்கு வருகிறேன். டப்பா வாங்குகிறவர்கள் பார்க்க வேண்டியது வடிவத்தை அல்ல, கொள்ளளவை. ஒரு கிலோ துவரம் பருப்புப் பாக்கெட்டை வெட்டினால் முழுசாகக் கொள்ள வேண்டும். முக்கால் கிலோ போய், மிச்சம் கால் கிலோ ரப்பர் பேண்டு போட்ட பாக்கெட்டாகத் தட்டின் பின்னால் ஒளிந்துகொண்டால், அடுத்த மாதம் அதில் வண்டு. ஒன்றரை லிட்டர் டப்பா ஒரு கிலோ பருப்பைத் தாராளமாகக் கொள்ளும். ரவை போன்ற அரை கிலோச் சாமானுக்கு ஒரு லிட்டர் போதும். இந்த இரண்டு அளவை மட்டும், ஒரே வாயகலத்தில் வாங்கினால் மூடி மாறினாலும் பொருந்தும்.

பெயர் எழுதி ஒட்டுவதை மூடியில் செய்யாதீர்கள். எல்லா மூடியும் ஒரே அளவு என்பதாலேயே கழுவி மாட்டும்போது இடம் மாறும். பச்சரிசி மாவு என்று நினைத்து மைதாவில் கொழுக்கட்டை பிசைந்த வீடுகள் உண்டு. கண்மட்டத்துத் தட்டில் இருக்கிற டப்பாவுக்கு முன்பக்கத்தில் ஒட்ட வேண்டும். கீழ்த்தட்டு டப்பா மேலிருந்துதான் கண்ணில் படும். அதற்கு மட்டும் முன்பக்கத்தோடு மூடியிலும். எழுத்து பெரிதாக, கறுப்பு மார்க்கரில், தமிழில். அம்மா கண்ணாடி போடாமலேயே படிக்கிறார். எவர்சில்வர் டப்பாவா, கண்ணாடிப் பாட்டிலா என்று கேட்டால், தினமும் குறைகிற பருப்புக்குத் தெரிகிற பாட்டில். கீழ்த்தட்டுக்கும் கனமான சாமானுக்கும் எவர்சில்வர். புளிக்கும் உப்புக்கும் இரண்டுமே வேண்டாம், பழைய பீங்கான் ஜாடிதான். புளியும் உப்பும் உலோகத்தை அரிக்கும் என்பது ஜாடி வைத்திருந்த பாட்டிகளுக்கெல்லாம் தெரிந்த சங்கதி.

பழைய பருப்பின் மேல் புதுப் பருப்பைக் கொட்டாமலிருப்பது இன்னொரு வழக்கம். டப்பாவைக் காலி செய்து, துடைத்து, வெயிலில் காயவைத்து, புதியதை அடியில் போட்டு, பழையதை மேலே போடுவோம். துவரம் பருப்பில் இரண்டு சொட்டு விளக்கெண்ணெய் தடவி வைப்பது அம்மாவின் வழி, வண்டு அண்டுவதில்லை. ரவையை வறுத்து ஆறவைத்து அடைக்கிறோம். அரிசிக்கு வற்றல் மிளகாயும் காய்ந்த வேப்பிலையும். அரிசி மூட்டை 26 கிலோ: 2022 ஜூலையில் 25 கிலோ வரை அடைத்து விற்கும் அரிசிக்கு ஜிஎஸ்டி வந்த பிறகு மில்காரர்கள் ஒரு கிலோவைக் கூட்டி வரியைத் தாண்டிவிட்டார்கள். தூக்குகிறவன் முதுகுக்குத்தான் ஒரு கிலோ கூடுதல். மூட்டை பின்னறையில், சமையலறையில் ஐந்து கிலோ டப்பா. வெங்காயத்தையும் உருளைக்கிழங்கையும் ஒரே கூடையில் போடுவதில்லை. கிழங்குக் கூடையில் வெளிச்சமும் படக் கூடாது, பச்சை தட்டும்.

இத்தனையும் அடுக்கி ஒரு வாரத்தில் குலைந்திருக்கும், பாத்திரம் தேய்க்கும் அக்கா இல்லையென்றால். எடுக்கிறவர் வசதியைப் பார்த்துத்தான் எல்லாரும் அடுக்குகிறோம். ஆனால் ஒரு பொருள் எங்கே இருக்கும் என்பதை முடிவு செய்கிறவர் அதைத் திரும்ப வைக்கிறவர். அவரிடம், ‘அக்கா, மூடியெல்லாம் எங்க வெச்சா உங்களுக்குச் சுலபம்?’ என்று கேட்டேன். ‘கூடைக்குப் பக்கத்திலயே நிக்க வெக்கற மாதிரி ஒண்ணு குடுத்துடும்மா. கவுத்து வெச்சா ஒண்ணுமேல ஒண்ணு ஏறிக்குது, எடுக்கறதுக்குள்ள எல்லாம் சரியுது’ என்றார். தட்டு ஸ்டாண்டு ஒன்று சிங்க் பக்கம் வந்தது. மூடிகள் அதில் நிமிர்ந்து நிற்கின்றன. தாளில் ‘மூடி’ என்ற பெயர் அதோடு நின்றது. குக்கர் வெயிட்டுக்கும் கேஸ்கட்டுக்கும் அவர் சொன்னதுதான்: வெயிட் எப்போதும் அடுப்பருகே ஒரு சின்னக் கிண்ணத்தில், கேஸ்கட் குக்கருக்குள்ளேயே.

1926இல் ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் நகரக் குடியிருப்புகளுக்காக மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற பெண் கட்டடக் கலைஞர் வடிவமைத்த சமையலறையைப் பற்றி என் கணவர் எங்கோ படித்துவிட்டு வந்து சொன்னார். 1.9 மீட்டருக்கு 3.4 மீட்டர், எங்களுடையதைவிடக் கொஞ்சம்தான் பெரியது. அரிசி, சர்க்கரைக்கெல்லாம் பெயர் பொறித்த அலுமினிய இழுப்பறைகள். கைப்பிடியைப் பிடித்து எடுத்து மூக்கு வழியாக நேராகப் பாத்திரத்தில் கொட்டலாம். படத்தைப் பார்த்தால் பொறாமையாகத்தான் இருக்கிறது. ஆனால் அது ஒரே ஒரு ஆள் நின்று வேலை செய்ய அளவெடுத்த அறை. பெண்ணைத் தனியாக உள்ளே அடைத்துவிட்டது என்று பிற்காலத்தில் அதன்மேல் குறை சொன்னவர்களும் உண்டு. நம் வீடுகளில் ஒருவர் கிளறும்போது இன்னொருவர் பின்னால் கடந்து போக வேண்டும். அதனால் நடுத்தரையில் கூடை, ஸ்டூல், குப்பைத்தொட்டி எதுவும் இல்லாமல் இரண்டரை அடியாவது வழி விட்டிருக்கிறோம். மட்கும் குப்பை, மட்காத குப்பை என இரண்டு தொட்டியும் சிங்குக்கு அடியில்.

கேஸ் சிலிண்டர் வாசல் பக்கத்துத் தட்டில். நிரம்பியது 30 கிலோ வரை வரும். மாற்ற வருகிறவர் எதையும் நகர்த்தாமல் வைக்கும்படி இருக்க வேண்டும். கேஸ் காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையோடு படியும். அதனால் அந்தத் தட்டுக்குக் கதவு போடவில்லை. சுற்றிலும் பிளாஸ்டிக் கவரோ பழைய பேப்பரோ கிடையாது. ரெகுலேட்டரைக் கை நேராகத் தொட வேண்டும், அதுவும் அம்மாவின் கை. அவருடைய நாற்காலியை அங்கே இழுத்துப் போட்டுப் பார்த்துத்தான் இடத்தை முடிவு செய்தோம். ஆரஞ்சு நிறக் குழாயை 5 வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், தேதி அதன் மேலேயே அச்சாகியிருக்கும். கசிவுக்கு அழைக்க வேண்டிய 1906 என்ற எண், மேகி மசாலாப் பாக்கெட்டுகளை ஒட்டி வைத்திருந்த காந்தங்களுக்கு நடுவில், ஃபிரிட்ஜ் கதவில் பெரிதாக.

ஆணி அடிக்காமல் தொங்கவிட ஒட்டுகிற கொக்கிகளைப் பலரும் சொல்வார்கள். அடுப்புப் பக்கச் சுவருக்கு அவை ஆகா. எண்ணெய்ப் பிசுக்கும் ஆவியும் சேர்ந்து ஒரு கோடைக்குள் கரண்டியோடு கழன்று விழும். சிங்க் எதிர்ச் சுவரில், டைல்ஸை நன்றாகத் துடைத்து உலரவிட்டு ஒட்டினால் துணி, சல்லடை அளவுக்குத் தாங்கும். கரண்டிகளுக்கு மேடையில் நிற்கிற கனமான ஸ்டாண்டே போதும், அதில் ஆறு கரண்டிக்கு மேல் வேண்டாம். ஃபிரிட்ஜைப் பற்றி ஒரே வரி: மீந்ததெல்லாம் ஒரே தட்டில், கண் எதிரே.

தீராமல் இருப்பது பிளக் பாயிண்ட். அடுப்பு மேடைக்கு மொத்தம் ஒரே ஒரு பவர் பிளக். மிக்ஸியும் கிரைண்டரும் ஒன்றின் பின் ஒன்றாக ஓடினால் போதும், சமாளிக்கலாம். கேஸ் தீர்ந்த நாளில் எடுக்கிற இண்டக்ஷன் அடுப்பு 2000 வாட்; கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். அதை 6 ஆம்பியர் எக்ஸ்டென்ஷன் போர்டில் சொருகினால் வயர் சூடேறும், அதனால் அதற்கு மட்டும்தான் பவர் பிளக், மிக்ஸியைக் கழற்றிவிட வேண்டும். இன்னொரு பாயிண்ட் போட்டுக்கொள்ளலாமா என்று ஓனரிடம் கேட்டிருக்கிறோம். செலவு யாருடையது என்ற இடத்தில் பேச்சு நிற்கிறது.